அச்சத்தின் நடுவே திறந்த கதவுகள்

அஞ்சுதல் மானிட இயல்பு. அகதியாய் அந்நிய மண்ணில் வாழ்பவர்க்கோ அது நிழலைப் போல் உடன்வருவது. தபாற்பெட்டியில் விழும் அரசாங்கக் கடிதம், விசாரணைக்குக் குறிக்கப்பட்ட திகதி, முடிவடையும் வதிவிட அனுமதி, ஊரிலிருந்து அகாலத்தில் வரும் தொலைபேசி அழைப்பு என அச்சம் பல உருவெடுத்து எம்மை நாடி வருகின்றது.

இந்நிலையில், கிறிஸ்தவர்களாகிய எம்மிடையே ஓர் ஆறுதல் மொழி அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். இறைவனை நம்பினால் பயம் அகன்றுவிடும் என்பதே அது. ஞாயிறன்று அதனைக் கேட்டுத் தலையசைக்கிறோம். திங்கட்கிழமை கடிதம் வந்ததும் கை நடுங்குகின்றது. உடனே, எமது விசுவாசம் பழுதானதோ என்னும் இரண்டாவது அச்சமும் சேர்ந்து கொள்கின்றது.

அஞ்சுபவரிடம் விசுவாசம் இல்லையென்று கொள்ளலாமா? வேதாகமம் அவ்வாறு கூறவில்லை. சிலுவைக்கு முந்திய இரவிலே கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலமடைந்தார். தமக்கு நேரவிருந்த துன்பம் நீங்காதோ என்று வேண்டினார். அதன் பின்னரே எழுந்து, வந்தவர்களை எதிர்கொண்டார். ஆகவே அஞ்சுவது பாவமன்று. அஞ்சியபடியே நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

இதற்கு விடையாக வாழ்ந்து காட்டிய ஒரு கிராமத்தை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

மலைமேல் ஒரு கிராமம்

பிரான்சின் தென்மத்திய மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது லூ ஷாம்போன்-சூர்-லின்யோன். குளிர்காலம் நீண்டது; நிலமோ வளங்குன்றியது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலானோர் புரட்டஸ்தாந்து மரபினர். 1685 இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்து கட்டளையை நீக்கியபோது, இவர்களின் முன்னோர் வழிபாட்டுரிமை இழந்தனர். காடுகளிலும் மலைகளிலும் மறைந்து வழிபட்டனர். மாரி துரான் என்னும் பெண் தன் விசுவாசத்தை மறுக்க இணங்காமையால், 1730 முதல் 1768 வரை ஏக்-மோர்த் கோபுரச் சிறையில் 38 ஆண்டுகள் அடைபட்டிருந்தாள். இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்களுக்குத் துரத்தப்படுவோரின் வேதனை புதிதாயிருக்கவில்லை.

1934 இல் அந்திரே துரொக்மே அங்கு போதகராக வந்தார். அவருடைய துணைவியார் மக்தா இத்தாலியின் புளோரன்சில் பிறந்தவர், தாய்வழியில் ரஷ்யர். 1940 ஜூன் 22 இல் பிரான்சு ஜேர்மனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று துரொக்மேயும் உடன் போதகர் எதுவார் தேய்ஸும் சபையாருக்கு விடுத்த செய்தியின் சாரம் இதுவே: மனச்சாட்சிக்கு எதிரான வன்முறையைக் கிறிஸ்தவர் ஆவிக்குரிய ஆயுதங்களால் எதிர்க்க வேண்டும், அவ்வெதிர்ப்பிலே பயமும் கூடாது, செருக்கும் கூடாது, பகையும் கூடாது.

கதவைத் தட்டியவள்

அச்செய்தி விரைவிலேயே சோதிக்கப்பட்டது. போரின் முதற் குளிர்காலமொன்றில், ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த ஒரு யூதப்பெண் போதகர் இல்லத்தின் கதவைத் தட்டினாள். மக்தா அவளை உள்ளே அழைத்து உணவளித்தார். அவளுக்கு உரிய பத்திரங்களைப் பெறவென ஊராட்சித் தலைவரை நாடிச் சென்றார். அவரோ, ஓர் அந்நியருக்காக முழு ஊரையும் ஆபத்தில் தள்ளுவதா என்று சினந்தார். அவர் கூற்றையும் நாம் இகழ்ந்துவிட முடியாது. அவருக்கும் அச்சம் இருந்தது, பொறுப்பும் இருந்தது. ஆயினும் அச்சத்துக்கு அவர் கண்ட வழி கதவை அடைப்பது. மக்தா கண்ட வழி கதவைத் திறப்பது.

அதன்பின் கதவுகள் பல திறந்தன. பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் சிறுவர் இல்லங்களிலும் அகதிகள் தங்கினர். வேதபாடம் பயிலக் கூடிய சிறு குழுக்களினூடாகவே செய்திகளும் பரவின. போலி அடையாள அட்டைகளும் பங்கீட்டு அட்டைகளும் ஆயத்தமாயின. பொய்யுரைப்பது பாவமெனக் கற்று வளர்ந்தோருக்கு அது மிகுந்த மனச்சங்கடத்தை விளைவித்தது. அச்சங்கடத்தைச் சுமந்தவாறே உயிர்களைக் காத்தனர்.

1942 ஓகஸ்ட் மாதத்தில் பொலிஸார் பேருந்துகளுடன் வந்திறங்கி, யூதரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டனர். துரொக்மே கொடுக்க மறுத்தார். வாரக்கணக்கில் தேடியும் பொலிஸார் ஏறக்குறைய வெறுங்கையுடனேயே திரும்பினர். 1943 பெப்ரவரியில் போதகர் இருவரும் கைதாயினர். கைது செய்ய வந்தவர்களையும் மக்தா உணவுண்ண அழைத்தார். முகாமிலிருந்து விடுதலை பெற, அரசுத் தலைவரின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிடக் கேட்கப்பட்டபோது, இருவரும் மறுத்தனர். ஆயினும் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டனர்.

உத்தரவாதமில்லாத நம்பிக்கை

இவ்வாறு காக்கப்பட்டோர் 3,000 முதல் 5,000 பேர் வரை இருக்கலாம் எனக் கணிக்கப்படுகின்றது. ஆயினும் கதையை இத்துடன் முடிப்பது நேர்மையாகாது. போதகரின் உறவினரான இளம் ஆசிரியர் தானியேல் துரொக்மே, 1943 ஜூன் 29 இல் தம் பொறுப்பிலிருந்த மாணவர்களுடன் பிடிபட்டார். தப்பியோட வாய்ப்பிருந்தும் அவர்களைக் கைவிட்டு ஓடவில்லை. 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் உயிரிழந்தார். அக்கிராமத்து மருத்துவர் ரொஜே லூ பொரெஸ்தியே 1944 ஓகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர்களது விசுவாசம் குறைவுபட்டதா? இல்லை. இறைவனை நம்புதல் என்பது தீங்கு எம்மைத் தீண்டாதென்ற உத்தரவாதம் அன்று. என்ன நேரினும் அவர் எம்மைக் கைவிடமாட்டார் என்பதே அந்நம்பிக்கை. முன்னதை நம்புபவர் முதல் அடியிலேயே தளர்ந்துவிடுவார். பின்னதை நம்புபவர் நடுங்கியவாறேனும் கதவைத் திறப்பார்.

1990 இல் யாத் வஷேம் நிறுவனம் அக்கிராமத்தவரையும் அயற்கிராமத்தவரையும் கௌரவித்தது. அங்கு சிறுவனாகப் புகலிடம் பெற்ற ஒருவர், 2020 டிசம்பரில் மறைந்தபோது, பெருந்தொகைச் செல்வத்தை அக்கிராமத்திற்கே எழுதி வைத்திருந்தார். ஒருநாள் திறந்த கதவை ஓர் அகதி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மறக்கவில்லை.

எமது நாட்களில்

அம்மக்களின் துணிவு ஒரே இரவில் முளைத்ததன்று. வாராந்த வழிபாடு, குடும்ப செபம், அயலவருடன் பகிர்ந்த ரொட்டி ஆகிய சிறு பழக்கங்களிலே அது மெல்ல வேரூன்றியிருந்தது. அவர்கள் தனித்து அஞ்சவுமில்லை. ஒருவர் சோர்ந்த வேளை மற்றவர் தாங்கினார்.

நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். அச்சத்தை மறைக்காது இறைவனிடம் பெயர்சொல்லி முறையிடுவோம். வந்த கடிதத்தை மேசை அறையில் ஒளிக்காமல், மொழியறிந்த ஒருவருடன் அமர்ந்து வாசிப்போம். வழக்கறிஞரைக் காணவேண்டின், செபித்துவிட்டுச் சென்று காண்போம். செபம் அம்முயற்சிக்கு மாற்றீடு அன்று, அதற்கான பலம். விசாரணைக்குத் தனியே செல்லும் அயலவருக்கு வாயில்வரையேனும் துணைசெல்வோம். புதிதாய் வந்திறங்கிய குடும்பத்தை ஒருநேர உணவுக்கு அழைப்போம். பிறர் அச்சத்தைச் சுமக்கத் தோள்கொடுக்கும் வேளையில், எமது அச்சத்தின் பாரமும் குறையக் காண்போம்.

கதவு தட்டப்படும் ஓசை எம்மில் பலருக்கு இன்றும் நெஞ்சைப் பிசைவதே. ஆயினும் அவ்வோசை எப்போதும் எம்மைத் தேடிவரும் ஆபத்தின் ஓசையாயிருப்பதில்லை. அடைக்கலம் தேடும் இன்னொருவரின் கையாகவும் அது இருக்கலாம்.