சான்றிதழ் கேட்கும் வாசல்

மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷி ஏழாம் வகுப்பில் பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். வீட்டிலிருந்தே படித்து, சர்வதேச கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்றார். இருந்தும் ஐ.ஐ.டி.யில் சேர வழியில்லை. காரணம், பிளஸ் டூ சான்றிதழ் இல்லை. சென்னை கணிதவியல் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உதவித்தொகையோடு அழைத்தது. அங்கே திறமையைப் பார்த்து இடம். குடும்ப வருமானத்தைப் பார்த்துப் பணம்.

இங்கே இடத்துக்கும் பணத்துக்கும் அதே சான்றிதழ்தான். மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்குக்கூட, பிளஸ் டூ தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

வீட்டில் படிக்கும் எல்லோருமா ஒலிம்பியாடு பதக்கம் வாங்குகிறார்கள்? மற்றவர்களுக்குக் கைகொடுப்பது, 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயதானால் பத்தாம் வகுப்பில் சேரலாம். பாடங்களைச் சிறுகச் சிறுக எழுதி முடிக்க ஐந்தாண்டு அவகாசம் உண்டு. குறைந்தது ஐந்து பாடங்களில் தேறினால் அதன் பிளஸ் டூ சான்றிதழ் ஜே.இ.இ.க்கும் செல்லும். பரீட்சையே வேண்டாமென்று வெளியேறியவர்கள் பரீட்சைக்கே பணம் கட்டும் வேடிக்கை இது. பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவே இரண்டாண்டு இடைவெளி கட்டாயம் என்பதால், பிள்ளைக்கு 15 வயதாகும்போதே பெற்றோர் கணக்குப் போட்டாக வேண்டும்.