நூலும் ஊரும் – 14: ஏணைச் சேலையைக் கிழிக்காதீர்கள்

சென்ற வாரம் மருதமுனைத் தறிகளோடு நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து வடக்கே, மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து திருகோணமலை மாவட்டம் தொடங்கும் வெருகலுக்குப் போவோம். இங்கே பேசப்போவது தறியை அல்ல. உடுத்து உடுத்துப் பழசாகிப்போன சேலையை.

பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேடுவது பழஞ்சேலையைத்தான். நூற்றுக்கணக்கான தடவை தோய்த்துக் காயப்போட்ட நூல்சேலையின் மெதுமை எந்தப் புதுத்துணிக்கும் வராது. அம்மம்மாவின் சேலையொன்று வளையில் ஏணையாகத் தொங்கும். இன்னொன்று பிள்ளைத்துணியாகும். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் ஏணையை அவிழ்த்துவிடுவார்கள். அதன்பிறகு அந்தச் சேலை அடுப்படிப் பிடிதுணியாகிறது, இல்லையென்றால் சைக்கிள் துடைக்கப் போகிறது. இதுதான் என் ஆதங்கம். ஒரு பிள்ளையை ஒன்றரை வருடம் தாங்கிய சேலை அது. நாலாக மடித்துத் தைத்தால் அந்தப் பிள்ளைக்கே போர்வையாகிவிடும்.

வங்காளப் பெண்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். பழஞ்சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, சேலைக்கரையிலிருந்தே நிறநூலை உருவி, அந்த நூலாலேயே இழையோட்டுவார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். பிறக்கப்போகும் பிள்ளைக்கும், கலியாணமாகிப் போகும் மகளுக்கும் தைத்துக் கொடுப்பார்கள்.

என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது கர்நாடகத்துச் சித்தி இனத்தவரின் கவந்திப் போர்வை. போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். உத்தர கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள், முண்டுகோடு பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள். அடியில் ஒரு சேலையை விரித்து, வீட்டாரின் பழைய உடுப்புத் துண்டுகளை ஓரத்திலிருந்து வைத்துத் தைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். முன்கூட்டியே கோடு போடுவதில்லை. கையில் அகப்படும் துண்டே அடுத்த நிறத்தைத் தீர்மானிக்கும். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகளை வைத்துத் தைப்பார்கள். அதைப் ‘பூ’ என்பார்கள். பூ வைக்காத போர்வை உடுப்பில்லாமல் நிற்பதற்குச் சமம் என்பது அவர்கள் எண்ணம். இல்லாமையிலிருந்து பிறந்த வேலை என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏழ்மைக்காக மட்டும் தைப்பவர் மூலைக்குப் பூ வைக்கமாட்டார்.

வெருகலில் இதைத் தொடங்க ஏணைச் சேலை ஒன்றே போதும். ஆறு யார் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம். நாலாக மடித்தால் நாலரை அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் வரும். பிள்ளை ஐந்தாறு வயது வரை போர்க்கலாம். இந்த ஊர் வெக்கையிலும் மாரி ஈரத்திலும் மடிப்புகளுக்கு நடுவில் பஞ்சு வைக்கவேண்டாம்; காயாமல் மணக்கும். வளையில் முடிச்சுப் போட்ட இடத்திலும் பிள்ளை கிடந்த இடத்திலும் சேலை இழை விட்டிருக்கும். அங்கேதான் மற்றவர்கள் வரவேண்டும்: அப்பப்பாவின் சாரத்தில் ஒரு துண்டு, அக்காவின் சீத்தைச் சட்டையில் ஒரு துண்டு. பாயில் சேலையைச் சுருக்கமில்லாமல் விரித்து, மடிப்புகள் நகராதபடி முதலில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளத்தையல் போடுங்கள். பிறகு பெருவிரல் அகலத்துக்கு ஒரு வரியாக நெருக்கமாக இழையோட்டுங்கள். பருத்தி நூலே நல்லது. பொலியெஸ்டர் நூல் பழந்துணியை அறுத்துவிடக்கூடும். முடிச்சுகளை மடிப்புக்குள் மறைத்துவிட்டால் பிள்ளையின் தோலில் உரசாது.

இதை வெருகலில் வைத்து இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணமிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து இந்தக் கரையோர ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதையொட்டிச் சண்டை மூண்டது. ஈச்சிலம்பற்று, வெருகல் சனம் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடியது. ஓடுகிறவர் பிள்ளையையும் அடையாள அட்டையையும் தூக்குவார்; பெட்டியிலிருந்த சேலையைத் தூக்கமாட்டார். இன்று தாயாகியிருக்கும் எத்தனையோ பேரிடம் தங்கள் அம்மம்மா உடுத்த துணி ஒரு முழம்கூட இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏணை கட்டிய சேலை இருக்கிறது. அது கையிலிருக்கும்போதே தைத்துவிட வேண்டும்.

பேரப்பிள்ளை கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் அங்கத்தைய குளிருக்கு நாலு மடிப்பு காணாது. நடுவில் பழைய கம்பளிப் போர்வையொன்றை வைத்துத் தையுங்கள். ஊசி இறங்கச் சிரமப்படும், தபாலில் நிறைக்குக் காசும் கூடும். ஆனாலும் அனுப்புங்கள். எந்தத் துண்டு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.