லயத்து நாயும் அதன் நலமும்

தேயிலைத் தோட்டங்களில் நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. சிறு அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அவ்வரிசையில், அந்நியர் காலடி கேட்டவுடன் குரல் கொடுப்பதும், மரக்கறிப் பாத்தியில் இறங்கும் பன்றியை விரட்டுவதும் நாயே. ஆயினும் அந்நாய் யாருடையது என்று வினவினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. ஒரு வீட்டார் எஞ்சிய சோற்றை வைப்பர்; அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பெயரிட்டு அழைப்பர்; மூன்றாம் வீட்டு இஸ்தோப்பில் அது படுத்துறங்கும். எல்லாரும் வளர்க்கும் நாயை மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல ஒருவரும் முன்வருவதில்லை. ஆகையால், ஊசி, மருந்து, உணவு என்பவற்றைப் பற்றிக் கூறுமுன், லயத்திலுள்ள ஒவ்வொரு நாய்க்கும் ஓர் உடையவர் இருத்தல் வேண்டும் என்பதையே முதலிற் கூற வேண்டியிருக்கிறது.

இது புதிய கருத்தன்று. 1893ஆம் ஆண்டிலேயே விசர்நோய்க்கென இந்நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் ஏற்பட்டது. 1901இல் நாய்களைப் பதிவு செய்வதற்கு வேறொன்று வந்தது. இரண்டும் நாயை அதன் உடையவரோடு சேர்த்தே நோக்கின. மலைநாட்டில் நன்கு பேணப்பட்ட நாய்களும் அக்காலத்தில் இல்லாமலில்லை. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் மரை வேட்டைக்கென ஒரு நாய்க் கூட்டத்தையே வளர்த்தார். பங்களா நாயின் மினுமினுப்புக்கு அதன் சாதியே காரணம் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். வேளைக்கு உணவும் காலத்துக்கு ஊசியும் கிடைக்குமானால் நாட்டு நாயும் அவ்வாறே மினுங்கும்.

நாய்க்கு வரும் நோய்களுள் மிகக் கொடியது விசர்நோய். நீர்வெறுப்பு நோய் என்பதும் இதுவே. நோய்க் குறிகள் வெளிப்பட்ட பின்னர், நாயையோ மனிதரையோ காப்பாற்றத்தக்க மருந்து இன்றும் இல்லை. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், கடியுண்டவர்க்கு உடனே சிகிச்சை அளிப்பதும் பரவியதன் பயனாக அண்மை ஆண்டுகளில் அத்தொகை பெரிதும் குறைந்து முப்பதையொட்டி நிற்கிறது. எனினும் அம்முப்பது பேரும் சாகாதிருந்திருக்கக் கூடியவர்களே.

விசர் கொண்ட நாய் எப்போதும் வாயில் நுரை தள்ளி ஓடிவரும் என்று கருதுவது தவறு. சாதுவான நாய் காரணமின்றிச் சீறுவதும், கல்லையும் கட்டையையும் கடிப்பதும், குரைக்கும் குரல் கரகரத்து மாறுவதும் ஒருவகை. மற்றொரு வகையில் நாய் எவரையும் துரத்துவதில்லை. இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கி எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று இரங்கி அதன் வாயினுள் கையை விடுவோர் உளர். இதனினும் ஆபத்தான இரக்கம் வேறில்லை. நாய் தண்ணீர் குடிக்கிறது, ஆகவே விசரில்லை என்ற நம்பிக்கையும் பிழையானது. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது நோயுற்ற மனிதரிடம் காணப்படும் குறி. விசர் நாய் தண்ணீரை நாடிச் செல்லவும் கூடும். மேலும், குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்களின் முன்னரே அதன் எச்சிலில் நோய்க்கிருமி வந்துவிடுகிறது.

நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே பீலியடிக்குச் சென்று, ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் முதலியன காயத்துக்கு எரிச்சலையன்றி வேறு பயனைத் தரா. கழுவிய கையோடு அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க. மாலையில் கொழுந்து நிறுத்த பின்னர் போகலாம் என்று ஒத்திப் போடலாகாது. ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகள் சிறு கீறல்களை மறைப்பதுண்டு. நாயோடு விளையாடிய பிள்ளையின் கைகால்களை மாலையிற் கழுவிவிடும்போது தாய்மார் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொல்வதால் நன்மை இல்லை. அதனைப் பத்திரமாகக் கட்டி வைத்து 14 நாள் கவனித்தல் வேண்டும். அது நலமாக இருந்தால் வைத்தியருக்கு அதுவே பெரும் செய்தி. ஆனால் அந்த 14 நாள் முடியட்டும் என்று கடியுண்டவர் வீட்டில் இருந்துவிடலாகாது; ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். நாய் இடையில் இறந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். அதன் மூளையைப் பரிசோதிக்கும் வசதி கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் உண்டு.

தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகின்றனர். குட்டி பிறந்து ஆறு வாரமானதும் முதல் ஊசிக்கு விசாரித்துக்கொள்ளலாம். அடுத்தது எப்போது என்பதை அவர்கள் அட்டையில் எழுதித் தருவர். பின்னர் ஆண்டுக்கொரு முறை தவறாது போடுவித்தல் வேண்டும். ஓரிடத்து நாய்களிற் பத்தில் ஏழுக்கேனும் ஊசி ஏறியிருந்தால் அங்கு நோய் பரவாது என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். நாற்பது நாயுள்ள ஒரு பிரிவில் இருபத்தெட்டுக்குப் போட்டாக வேண்டும். இங்கேதான் உடையவரில்லாக் குறை வெளிப்படுகிறது. ஊசி போடுவோர் பிரட்டுக்களத்துக்கு வரும் நாளில், கழுத்திற் கயிறே கண்டிராத நாய்கள் தேயிலைக்குள் ஓடி மறைகின்றன. பிடித்துக் கொடுக்க ஆளில்லை. குட்டிப் பருவத்திலேயே கழுத்துப் பட்டிக்கும் கயிற்றுக்கும், வாயையும் காதையும் தொட்டுப் பார்ப்பதற்கும் பழக்கிவிட்டால் இத்தொல்லை நேராது.

2006 முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் கைவிட்டது. ஆகவே தொகையைக் கட்டுப்படுத்தும் வழி கருத்தடையே. பெட்டை நாய் ஒன்பது வாரம் சுமந்து ஈனும்; ஆண்டில் இருமுறையும் ஈனக்கூடும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டி வீதியோரத்தில் விட்டுச் செல்வது கொடுமை மட்டுமன்று; அவ்வாறு விட்டவை தப்பிப் பிழைத்தால், ஊசி ஏறாத கூட்டமாகி அயல் லயங்களுக்கே திரும்பி வரும்.

அடுத்து வயிற்றுப் பூச்சி. இதில் நம் நாட்டின் பெயரையே தாங்கிய ஒரு புழு உண்டு. 1911இல் இலங்கைப் புனுகுப் பூனையொன்றின் குடலிலிருந்து லூஸ் என்னும் அறிஞர் விவரித்த கொக்கிப்புழுவுக்குச் சிலானிக்கம் என்ற பெயர் அமைந்தது. அது நாயின் குடலிலும் வாழும். மனிதரின் குடலிலும் முழு வளர்ச்சி பெறும். நாயின் மலத்தோடு வீழும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணிற் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்செல்கிறது. தேயிலைச் செடியின் அடிமண்ணைக் காட்டிலும் அதற்கு உகந்த இடம் யாது? மனிதருக்கு மலசலகூடம் உண்டு; நாய்க்கு உடையவரின் மண்வெட்டிதான். மலத்தை அள்ளி ஆழப் புதைத்தல் வேண்டும். குட்டிக்கு இரண்டு வார வயது முதல் மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கொரு முறையும், பின்னர் மூன்று மாதத்துக்கொரு முறையும், நிறைக்கேற்ற அளவிற் பூச்சி மருந்து கொடுக்க. முரசு வெளுத்து, மலம் கரிய தாராகப் போகும் குட்டியை அன்றே வைத்தியரிடம் காட்டுக.

உண்ணியையும் சிறிதென்று எண்ணலாகாது. அது இரத்தத்திற் செலுத்தும் கிருமியால் நாய்க்குக் காய்ச்சல் கண்டு, தீனி மறுத்து, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்திற் போகும். காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் ஆகிய இடங்களைத் தினமும் பார்த்து, குறட்டாற் பற்றி நேராக இழுத்து எடுக்க. தேயிலைக்கும் மரக்கறிக்கும் தெளிக்கும் நஞ்சைக் கலக்கி நாயைக் குளிப்பாட்டுவோரும் உளர். உண்ணியோடு நாயும் போய்விடும். மழைக்கால அட்டையை உப்புநீரால் விழச் செய்யலாம். ஒரு மூக்குத் துளையில் மட்டும் இரத்தம் கசிந்து, நாய் ஓயாது தும்மினால், உள்ளே அட்டை இருக்கக்கூடும். அதனை எடுப்பது வைத்தியரின் வேலை.

உணவைப் பற்றிச் சிலவே சொல்லவேண்டும். வெறுஞ் சோறும் குழம்பும் போதா. கருவாட்டுத் தலை, அவித்த முட்டை, பருப்பு என ஏதேனும் ஒன்று சேர்க்க. சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். தேயிலையிலுள்ள கபீன் நாய்க்கு நஞ்சாதலால் வடித்த தேயிலைச் சக்கையை எட்டும் இடத்திற் கொட்டலாகாது. காய்ச்சலென்று பனடோல் கொடுப்பதும் அவ்வாறே தீங்கானது; நம் உடலுக்கு ஒத்தது அதன் ஈரலுக்கு ஒவ்வாது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை மாசிப் பனியில் புல் வெளுக்கும். அக்காலத்தில் ஈரச் சீமெந்தில் குட்டிகளைக் கிடத்தாது, உலர்ந்த சாக்கும் பலகையும் இடுக. பகல் முழுதும் சங்கிலியிற் கிடக்கும் நாய் சோம்பிப் பருத்து, வெறுப்பேறிக் கடிக்கப் பழகும். பிரட்டுக்கு முன்னரோ, வேலை விட்ட பின்னரோ அரை மணி நேரம் கயிற்றோடு நடத்திச் செல்க. களைநாசினி தெளித்த மலை வழியைத் தவிர்க்க. நாய் தன் பாதத்தை நக்கும்.

இரவில் நாயை உள்ளே அடைப்பது இம்மலைகளில் மிக வேண்டுவது. தோட்டத்தையொட்டிய காடுகளிற் சிறுத்தைகள் வாழ்கின்றன. வெளியே கட்டிய நாய் அவற்றுக்கு எளிய இரை. நாயைத் தேடி லயத்துக்கு வந்து பழகிய சிறுத்தையால் மனிதருக்கும் அதற்கும் தொல்லை. பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியோ எதனையும் பிரித்தறியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கண்ணியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் சில நாட்களில் இறந்தது. அதே கம்பியில் லயத்து நாய்களும் சிக்குகின்றன. சிக்கிய நாய் தன் உடையவரையும் கடிக்கும். ஆதலின் முதலில் அதன் தலையைச் சாக்கினால் மூடி, கம்பியை இழுக்காது குறட்டால் வெட்டுக. காயம் சிறிதாகத் தோன்றினும் அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். இரத்த ஓட்டம் தடைப்பட்ட தசை அன்று நன்றாகத் தோன்றி, மூன்று நான்கு நாள் கழித்தே அழுகத் தொடங்கும்.