மின்சேமிப்பு விளக்குகள்: நன்மைகளும் தீமைகளும்

விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் எப்படி உருவாகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, பழுதான விளக்கு எங்கே போகிறது என்று நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

சில பத்தாண்டுகளுக்கு முன்பு பல வீடுகளில் மஞ்சள் ஒளி தரும் குண்டு விளக்குகளே எரிந்தன. பிறகு, வெள்ளை நிறச் சுருள் போன்ற சி.எஃப்.எல். விளக்குகள் வந்தன. மின்சாரத்தைச் சேமித்ததால் மக்கள் இவற்றை ‘மின்சேமிப்பு விளக்குகள்’ என்றே அழைத்தனர். இன்று கடைகளில் எல்.இ.டி. விளக்குகள்தாம் நிறைந்திருக்கின்றன. ஆயினும், பல வீடுகளின் சமையலறையிலும் குளியலறையிலும் பொருள் வைக்கும் அறையிலும் சி.எஃப்.எல். விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? அகற்றுவதாக இருந்தால் எப்படி அகற்றுவது? இவற்றுக்கு விடை காண, அவ்விளக்குகளின் நன்மை தீமைகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒளி உருவாகும் விதம்

குண்டு விளக்கினுள் டங்ஸ்டன் எனும் உலோகத்தால் ஆன மெல்லிய இழை இருக்கும். மின்சாரம் பாயும்போது அந்த இழை ஏறத்தாழ 2,500 பாகை செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்கிறது. ஆனால், அது பெறும் மின்சாரத்தில் சுமார் 5 விழுக்காடுதான் ஒளியாக மாறுகிறது. மீதமுள்ளதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது.

சி.எஃப்.எல். விளக்கு வேறு விதமாகச் செயல்படுகிறது. அதன் குழலுக்குள் ஆர்கான் வாயுவும் சிறிதளவு பாதரச ஆவியும் இருக்கும். மின்சாரம் பாயும்போது பாதரச அணுக்கள் கிளர்ச்சியடைந்து புற ஊதாக் கதிர்களை வெளியிடுகின்றன. அக்கதிர்கள் நம் கண்ணுக்குத் தெரியா. குழலின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள வெண்ணிறப் பொடி அவற்றை உறிஞ்சிக்கொண்டு, நாம் காணக்கூடிய ஒளியை வெளியிடுகிறது. விளக்கின் அடிப்பகுதியில் இருக்கும் சிறிய மின்சுற்று, குழலுக்குள் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

இது புதிய தத்துவமன்று. நீண்ட குழல் விளக்குகளும் இவ்வாறே ஒளிர்கின்றன. 1973-ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது, மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகளைப் பலரும் தேடினர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் எட்வர்ட் ஹேமர், 1976-இல் குழலைச் சுருளாக வளைத்து, சிறிய இடத்தில் அடங்கும்படி வடிவமைத்தார். அத்தகைய விளக்கைத் தயாரிக்கப் புதிய தொழிற்சாலைகள் தேவைப்பட்டன. செலவு அதிகம் என்பதால் அந்நிறுவனம் அத்திட்டத்தை ஒத்திவைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே சுருள் விளக்குகள் உலகெங்கும் பரவின.

நன்மைகள்

சி.எஃப்.எல். விளக்கின் முதன்மையான நன்மை மின்சேமிப்பு. 60 வாட் குண்டு விளக்கு தரும் வெளிச்சத்தைச் சுமார் 14 வாட் சி.எஃப்.எல். விளக்கே தந்துவிடும். இதை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். ஒரு விளக்கு நாள்தோறும் 5 மணி நேரம் எரிவதாகவும் ஓர் அலகு மின்சாரத்தின் விலை 30 காசு என்றும் வைத்துக்கொள்வோம். ஓராண்டில் குண்டு விளக்குக்கு 109.5 அலகு மின்சாரம் செலவாகும். அதன் கட்டணம் ஏறக்குறைய 33 வெள்ளி. சி.எஃப்.எல். விளக்குக்கு ஏறக்குறைய 25.5 அலகு மட்டுமே செலவாகும். கட்டணம் 8 வெள்ளிக்கும் குறைவு. ஒரே ஒரு விளக்கில் ஆண்டுக்கு 25 வெள்ளி மிச்சம் என்றால், வீடு முழுவதற்கும் எவ்வளவு மிச்சமாகும்? சிறு துளி பெருவெள்ளம் அன்றோ!

இரண்டாவது நன்மை, நீண்ட ஆயுள். குண்டு விளக்கு பொதுவாக 1,000 மணி நேரம் எரியும். சி.எஃப்.எல். விளக்கோ 6,000 முதல் 10,000 மணி நேரம் வரை எரியக்கூடியது.

மூன்றாவது நன்மை, குறைந்த வெப்பம். சிங்கப்பூர் போன்ற வெப்பமான நாட்டில் இது முக்கியமானது. விளக்கு வெளியிடும் வெப்பத்தையும் குளிரூட்டிதான் அகற்ற வேண்டும். ஆகவே, வெப்பம் குறைந்தால் குளிரூட்டியின் வேலையும் குறையும்.

குறைகள்

சி.எஃப்.எல். விளக்கை ஏற்றியவுடன் முழு வெளிச்சம் கிடைக்காது. அதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகலாம். குளியலறையைப் போல அடிக்கடி ஏற்றி அணைக்கும் இடங்களில் இதன் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும். காற்றோட்டமில்லாத மூடிய கூண்டுக்குள் பொருத்தினால், அடிப்பகுதியில் உள்ள மின்சுற்று சூடேறி விரைவில் பழுதாகும். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் விசைகளுடன் பெரும்பாலான சி.எஃப்.எல். விளக்குகள் ஒத்துப்போவதில்லை.

இவை யாவும் சிறு குறைகளே. இவற்றைவிடக் கவலைக்குரியது, குழலுக்குள் இருக்கும் பாதரசம்.

பாதரசத்தால் வரும் ஆபத்து

பாதரசம் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள். ஜப்பானின் மினமாட்டா நகரில் ஒரு தொழிற்சாலை பாதரசக் கூட்டுப்பொருள் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டது. அந்நஞ்சு மீன்களின் உடலில் சேர்ந்தது. அம்மீன்களை உண்ட மக்கள் பேச்சும் நடையும் தடுமாறிப் பெரிதும் துன்புற்றனர், பலர் மாண்டனர். அந்நோய் 1956-இல் அடையாளம் காணப்பட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் உருவான அனைத்துலக உடன்பாட்டுக்கு அந்நகரின் பெயரே சூட்டப்பட்டது.

அப்படியானால் சி.எஃப்.எல். விளக்கைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா? ஒரு விளக்கில் பொதுவாக 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசமே இருக்கும். பழைய கண்ணாடி வெப்பமானியிலோ ஏறக்குறைய 500 மில்லிகிராம் இருந்தது. மேலும், குழல் உடையாதவரை பாதரசம் வெளியே வருவதில்லை. எனவே, எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் பாதரசத்தால் தீங்கு இல்லை. விளக்கு உடையும்போதும் குப்பையில் வீசப்படும்போதும்தான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. நிலக்கரியை எரிக்கும்போது அதில் இயற்கையாக உள்ள பாதரசம் காற்றில் கலக்கிறது. நிலக்கரியிலிருந்து மிகுதியான மின்சாரத்தை உற்பத்தி செய்யும் நாடுகளில், சி.எஃப்.எல். விளக்கு மின்சாரத்தைச் சேமிப்பதால் அந்தப் பாதரசமும் குறைகிறது. அதனால், குண்டு விளக்கைவிட அதுவே அந்நாடுகளுக்கு நல்லது என்று வல்லுநர்கள் விளக்கினர். சிங்கப்பூரில் மின்சாரத்தின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. ஆகையால், இந்த நன்மை நமக்கு அந்த அளவுக்குப் பொருந்தாது. ஒரே விளக்கின் நன்மை தீமைகள் நாட்டுக்கு நாடு மாறுபடுகின்றன என்பதை இதிலிருந்து அறியலாம்.

உடைந்தால் என்ன செய்வது?

வீட்டில் சி.எஃப்.எல். விளக்கு உடைந்துவிட்டால் பதற்றமடையத் தேவையில்லை. ஆனால், முறையாகச் செயல்பட வேண்டும். முதலில், சிறுவர்களையும் வளர்ப்புப் பிராணிகளையும் அறையைவிட்டு வெளியேற்ற வேண்டும். சன்னல்களைத் திறந்துவிட்டு, 10 நிமிடம் வரை யாரும் உள்ளே செல்லாமல் இருக்க வேண்டும். துடைப்பத்தையோ தூசு உறிஞ்சியையோ பயன்படுத்தவே கூடாது. அவை பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும். கெட்டியான அட்டையால் கண்ணாடித் துண்டுகளைத் திரட்டி எடுக்கலாம். எஞ்சிய தூளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, அவ்விடத்தை ஈரத்தாளால் துடைக்கலாம். இவை எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியிலோ நெகிழிப் பையிலோ இட்டு நன்கு மூட வேண்டும். இறுதியில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

பழுதான விளக்கை அடுக்குமாடிக் கட்டடத்தின் குப்பைத் துவாரத்தில் போடுவது தவறு. பல மாடி உயரத்திலிருந்து விழும்போது அது உடைந்து நொறுங்கும். அங்கிருந்து குப்பையை அகற்றும் துப்புரவுப் பணியாளர்கள் அந்த ஆவியைச் சுவாசிக்க நேரிடலாம். சிங்கப்பூரில் எரிக்கக்கூடிய குப்பை எரியாலைக்குச் செல்கிறது. அதன் சாம்பல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. நம் வீட்டிலிருந்து அகன்ற பாதரசம் நாட்டைவிட்டு அகல்வதில்லை. 2021 ஜூலை முதல் நடப்பிலுள்ள மின்னியல் கழிவுத் திட்டத்தின்கீழ், விளக்குகளைச் சேகரிக்கவும் பல இடங்களில் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. உடையாத விளக்குகளைத் தாளில் சுற்றி, விளக்குகளுக்கான தொட்டிகளில் சேர்ப்பதே முறை.

மாற்றலாமா, காத்திருக்கலாமா?

எல்.இ.டி. விளக்கில் பாதரசம் இல்லை. ஏற்றியவுடன் முழு வெளிச்சம் தரும். 60 வாட் குண்டு விளக்கின் வெளிச்சத்தைத் தர அதற்கு ஏறக்குறைய 9 வாட் போதும். மினமாட்டா உடன்பாட்டு நாடுகள் 2022-இல் கூடி, வீடுகளில் பயன்படும் 30 வாட் வரையிலான சி.எஃப்.எல். விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025-ஆம் ஆண்டுக்குள் நிறுத்த முடிவு செய்தன.

எனவே, புதிதாக வாங்கும்போது எல்.இ.டி. விளக்கையே வாங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சி.எஃப்.எல். விளக்குகளை இன்றே கழற்றிவிட வேண்டுமா? நாம் மேலே கண்ட கணக்கின்படி, சி.எஃப்.எல். விளக்கை எல்.இ.டி. விளக்காக மாற்றினால் ஆண்டுக்கு மேலும் ஏறக்குறைய 2 வெள்ளி 70 காசு மிச்சமாகும். குண்டு விளக்கை மாற்றியபோது கிடைத்ததைவிட இது மிகக் குறைவு. பயன்படும் பொருளை வீணாக்குவதும் நல்லதன்று. அதனால் பொறுத்திருக்கலாம் என்பர் சிலர். உடையும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆதலால் உடனே மாற்றுவதே நல்லது என்பர் வேறு சிலர்.

இரண்டு கருத்துகளிலும் உண்மை உண்டு. இடத்தைப் பார்த்து முடிவெடுப்பதே சிறந்தது. கைபட்டுச் சாய்ந்துவிடக்கூடிய மேசை விளக்கையும், குழந்தைகள் விளையாடும் அறையின் விளக்கையும் முதலில் மாற்றலாம். நெடுநேரம் எரியும் கூடத்து விளக்கும், அடிக்கடி ஏற்றி அணைக்கும் குளியலறை விளக்கும் அடுத்து வரலாம். எப்போதாவது ஒருமுறை எரியும் விளக்கு, அதன் ஆயுள் முடியும்வரை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு காலத்தில் குண்டு விளக்குக்குச் சிறந்த மாற்றாக வந்த சி.எஃப்.எல்., இன்று தன்னைவிடச் சிறந்த விளக்குக்கு வழிவிடுகிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் நாம். அதைப் பாதுகாப்பாக வெளியே அனுப்பி வைப்பதும் நம் பொறுப்பே.