காந்தத் தகடும் புதிய ஓட்டுநரும்



சுங்கை பூலோவில் நம்மிடம் பயின்ற இளைஞர் பலர் மகிழுந்து ஓட்டத் தொடங்கியுள்ளனர். நம் நாட்டில் புதிதாக உரிமம் பெற்றவர், முதல் 2 ஆண்டுகள், சிவப்புப் பின்னணியில் வெண்ணிறப் ‘பி’ எழுத்துப் பொறித்த அடையாளத்தை வண்டியின் முன்னும் பின்னும் வைத்தல் வேண்டும். ஒரே வண்டியைத் தந்தையும் மகனும் ஓட்டும் இல்லத்திற்குக் கழற்றி மாட்டத்தக்க காந்தத் தகடே ஏற்றது.

அது எவ்வாறு உருவாகிறது? இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொடியைச் செயற்கை ரப்பருடனோ பிளாஸ்டிக்குடனோ பிசைந்து, உருளைகளுக்கிடையே அழுத்தித் தாளாக்குவர். ரப்பர் ஷீட் உருட்டியவர்களுக்கு இது புதிதன்று. பின்னர் அதன் ஒரு பக்கத்தில் வட, தென் துருவங்களை வரிவரியாக மாற்றி மாற்றி ஏற்றுவர். இரு துண்டுகளின் முதுகுகளைச் சேர்த்து இழுத்தால் கடகடவென்று தடுக்குவது அதனாலேயே. மறுபக்கத்தில், வெயிலுக்கு மங்காத மையால் அச்சிட்ட ஒட்டுத்தாளை ஒட்டுவர். மூலைகளை வட்டமாக வெட்டுவர். கூர்மூலையைக் காற்று எளிதில் கிளப்பிவிடும்.

வாங்குமுன் சிறு காந்தத்தை வண்டியில் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும். அலுமினியத்திலும் பிளாஸ்டிக் பம்பரிலும் ஒட்டாது. தூசியைத் துடைத்த பின்னரே மாட்டுக. வாரம் ஒருமுறை கழற்றி உலர்த்துக. தங்கிய ஈரம் வண்டியின் வண்ணத்தைக் கெடுக்கும்.

வழியில் விழுந்த தகடு எவரையும் எச்சரிக்காது. பின்னால் வரும் லாரிக்காரர், முன்னே செல்பவர் புதியவர் என்பதை அறியமாட்டார். ஆகவே, பிள்ளைகளே, அண்ணன் வண்டியை எடுக்குமுன் தகட்டின் நான்கு மூலைகளையும் தடவிப் பாருங்கள். அந்தச் சிறு பணி உங்களுடையது.