1,500 கோடி மைலுக்கு அப்பால் ஒரு நோயாளி!

டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நோயாளி 1,500 கோடி மைலுக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? அப்படியும் ஒரு வைத்தியம் நடந்தது!

அந்த நோயாளி மனிதன் அல்ல. 'வாயேஜர்-1' என்ற விண்கலம். 1977-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி அமெரிக்கா அதை ஏவியது. வியாழனையும் சனியையும் படம் பிடித்து அனுப்பியது. 2012-ல், சூரியக் காற்று வீசும் எல்லையையும் தாண்டியது. மனிதன் செய்த பொருள்களில் அவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை.

பிதற்றல்

தன் உடல்நிலையை அந்தக் கலமே பூமிக்குச் சொல்லும். மின்சாரம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்தக் கருவி ஓடுகிறது என்ற விவரங்கள் ரேடியோ அலையில் வரும்.

2023 நவம்பரில் அந்தப் பேச்சு குழறிவிட்டது. ஜன்னி கண்டவன் பிதற்றுவது போல, பொருள் இல்லாத தகவலே வந்தது. ஆனால் பூமியில் இருந்து போன கட்டளைகளை அது கேட்டது. உயிர் இருந்தது; வாய்தான் குழறியது!

எங்கே கோளாறு?

ஒரு கேள்வி போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வரவும் அதே நேரம்.

2024 மார்ச் 1-ந் தேதி விஞ்ஞானிகள் ஒரு கட்டளை அனுப்பினார்கள். 3-ந் தேதி வந்த பதிலில், கலத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டரின் ஞாபகம் முழுவதும் இருந்தது. பழைய பதிவோடு ஒப்பிட்டார்கள். குட்டு வெளிப்பட்டது! அந்த ஞாபகத்தில் 100-க்கு 3 பங்கு கெட்டிருந்தது. காரணம், ஒரே ஒரு 'சிப்'! வேகமாகப் பறந்து வந்த துகள் அதைத் தாக்கியிருக்கலாம். அல்லது, 46 வருடம் உழைத்துத் தேய்ந்திருக்கலாம்.

வைத்தியம்

சிப்பை மாற்ற யார் போவது? எனவே, அதில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஞாபகத்தின் நல்ல பகுதிகளில் குடியேற்றத் தீர்மானித்தார்கள். முதல் பகுதி ஏப்ரல் 18-ந் தேதி போயிற்று. 20-ந் தேதி கலம் தெளிவாகப் பேசியது! ஜூன் மாதத்தில், ஓடிக்கொண்டிருந்த 4 ஆராய்ச்சிக் கருவிகளும் சரியாயின.

வருமுன் காப்பு

இன்னொரு ஆபத்தும் உண்டு. புளுட்டோனியத்தின் சூட்டில் இருந்து கலத்துக்கு மின்சாரம் கிடைக்கிறது. அது ஆண்டுக்குச் சுமார் 4 வாட் வீதம் குறைகிறது. வரவு குறையும்போது செலவைச் சுருக்கும் குடும்பத்தலைவி போல, விஞ்ஞானிகள் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ஒரு கருவி அணைக்கப்பட்டது.

அணைத்தது ஒன்று. அதனால் மற்றவற்றின் ஆயுள் நீண்டது!