வான்கோழிக்கு வில் பிடித்த கதை

மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. சாயங்காலம் ஆறரை மணி. கையில் காபி டம்ளர்.

"மச்சான், நான் இப்பல்லாம் வில்லு அம்போட வேட்டைக்குப் போறேன்டா!" என்றான் என் அத்தை பையன்.

எனக்குப் புரையேறிவிட்டது. பின்னே? இந்த ஆசாமி, கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில் மேல் ஏறி நின்று "அம்மா..!" என்று அலறியவன். இப்போது விர்ஜீனியாவில் கம்ப்யூட்டர் வேலை. மார்கழிக் கச்சேரிக்காக மூன்று வார லீவில் வந்திருந்தான்.

"என்ன வேட்டை? மானா?"

"வான்கோழி."

பக்கத்தில் காபி குடித்துக் கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன்டா, வான்கோழிக்காகவா அமெரிக்கா போனே? நம்ம நந்தனம் பேர்லயே ஒரு வான்கோழி இருக்கே!" என்றேன். நிஜம்தான். நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் வெள்ளை என்கிற வெளிநாட்டு ரகத்தையும் கலந்து, தமிழ்நாட்டு வெயில் தாங்குகிற மாதிரி உருவாக்கினார்கள். பெயர், நந்தனம் வான்கோழி-1.

"அது வளர்ப்பு. நான் சொல்றது காட்டு ஜாதி. நம்ம தெருப் பூனைக்கும் புலிக்கும் உள்ள வித்தியாசம்" என்றான்.

வான்கோழிக்குச் சொந்த ஊரே அமெரிக்காதான். கொலம்பஸ் போன பிறகுதான் அது கப்பலேறி உலகம் சுற்றியது. 1612-ல் கோவாவிலிருந்து ஒன்று ஜஹாங்கீர் தர்பாருக்கு வந்தபோது, பாதுஷாவே அசந்துபோய் மன்சூர் என்ற ஓவியரைக் கூப்பிட்டுப் படம் வரையச் சொன்னார். அப்படியானால் ஔவையார் மூதுரையில் பாடிய வான்கோழி எந்தக் கோழி? இதைப் புலவர்களிடம் விட்டுவிட்டு நாம் விர்ஜீனியா போவோம்.

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே காட்டுக்குள் போய்விட வேண்டுமாம். சின்னத் துணிக் கூடாரம். உள்பக்கம் கறுப்பு. ஆளும் கறுப்புச் சட்டை. எதிரே ஒரு பொம்மைப் பெட்டைக்கோழி. வாயில் ஒரு சின்ன ரப்பர் பட்டை. அதை நாக்கால் அழுத்தி ஊதினால் பெட்டைக்கோழி கூப்பிடுகிற மாதிரியே சத்தம் வரும். ராத்திரி மரத்தின் மேல் தூங்கிய சேவல், 'யாரது, நம்ம ஆளா?' என்று இறங்கி வரும்.

"அவ்வளவுதானே! எங்க தெருப் பசங்க டியூஷன் சென்டர் வாசல்ல பண்றதுதான் இது."

"சும்மா இருடா. அதுக்குக் கண்ணு இருக்கு பாரு... வாசனை அவ்வளவா தெரியாது. ஆனா தலையை லேசா திருப்பினா சுத்தியும் பார்த்துடும். நீ வில்லை இழுக்கற அந்த ஒரு செகண்டுதான் கண்டம்."

வில் என்றால் ராமர் வில் இல்லை. இரண்டு முனையிலும் கப்பி வைத்த 'காம்பவுண்ட்' வில். மிசௌரியைச் சேர்ந்த ஆலன் என்பவர் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கண்டுபிடிப்பு. இழுக்க ஆரம்பிக்கும்போது ஐம்பது பவுண்டு கனம். முழுக்க இழுத்து நிறுத்தினால் கையில் பத்துப் பவுண்டுதான் தெரியும். நம்ம ஹவுஸிங் லோனுக்கு நேர் எதிர்!

தூரம் இருபது கஜம், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் பிட்ச். பார்க்கப் பெரிய பறவை. ஆனால் முக்கால்வாசி இறகுதான். உயிர் இருக்கிற இடம் ஒரு கிரிக்கெட் பந்து அளவு.

"பந்து மேல படலைன்னா?" என்று கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தான். "முதல் வருஷம் படலை. அடிபட்டுப் பறந்து போயிடுச்சு. மத்தியானம் வரைக்கும் தேடினேன். கிடைக்கலை" என்றான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேச்சை மாற்ற, பி.காம். மூளையோடு கணக்குக் கேட்டேன். சுவாரஸ்யமான கணக்கு. 1930-களில் அமெரிக்கா முழுக்கக் காட்டு வான்கோழி சுமார் இரண்டு லட்சம்தான் மிச்சம். 1937-ல் ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா மேல் போடுகிற வரி முழுக்க வனவிலங்குகளுக்கே போகவேண்டும் என்று. 1972-ல் வில், அம்பையும் அதில் சேர்த்தார்கள். 1950-களிலிருந்து, வான்கோழி இருக்கிற காட்டில் பீரங்கி மாதிரி வெடித்து விரிகிற வலையை வீசிப் பிடித்து, இல்லாத காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 2000-களில் எண்ணிக்கை அறுபது லட்சத்தைத் தாண்டிவிட்டது!

"வலை போட்டா பிடிச்சாங்க?"

கேட்டது நான் இல்லை. தெப்பக்குளத்தோரம் பாசிமணி பரப்பி உட்கார்ந்திருந்த நரிக்குறவர் பெரியவர். இவ்வளவு நேரமும் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறார்.

"ஆமாங்க."

"அதுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே சாமி!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "கோழியை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று இவனைக் கேட்டார். இவன் வெட்கப்பட்டுக்கொண்டே வாயைக் குவித்துக் கத்திக் காட்டினான். சுமார்தான். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள்... கவுதாரி! ஆட்டோ ஹாரனுக்கு நடுவே அச்சு அசல் கவுதாரி. அவரிடம் ரப்பரும் இல்லை, பொம்மையும் இல்லை.

"எங்க தாத்தா நரி மாதிரி ஊளை விடுவாரு. நரி தானா வந்து வலையில விழும். அப்பாவுக்குக் கவுதாரி, காடை. நான் ஊசி, பாசி" என்றார். மூன்று தலைமுறை வரலாறு, மூன்றே வரியில்.

1972. அமெரிக்கா அம்புக்கு வரி போட்ட அதே வருஷம், இந்தியா வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1991 திருத்தத்தில் லைசென்ஸ் வாங்கிச் சுடுகிற வழியையும் மூடிவிட்டார்கள். கவுதாரியை அடித்தால் மூன்று வருஷம் வரை உள்ளே. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் ஒரு லட்சம் வரை.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை சார். கவுதாரி கோர்ட்டுக்கு வந்து வாதாட முடியாது. அதற்காக யாராவது பேசத்தான் வேண்டும். ஆனால் அக்கவுன்டன்ஸியில் முதல் பாடம் என்ன? ஒரு பக்கம் டெபிட் போட்டால் இன்னொரு பக்கம் கிரெடிட் போடணும். இருளர்களுக்கு அந்த கிரெடிட் என்ட்ரி கிடைத்தது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது, 1978-ல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இன்று வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். மருந்துக்கு விஷம், மனுஷனுக்குச் சோறு. அந்தச் சமூகத்தின் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017-ல் அமெரிக்காவே ஃப்ளோரிடாவுக்குக் கூப்பிட்டு மலைப்பாம்பு பிடிக்கச் சொன்னது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

நரிக்குறவர்களுக்கு? பழங்குடியினர் பட்டியலில் இடம் கிடைத்ததே 2023-ல்தான். சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்து! பறவை எங்கே தூங்கும், எங்கே முட்டையிடும், எந்தக் குரலுக்கு வரும் என்று தெரிந்தவர்கள் ஊசி விற்றுக் கொண்டிருக்கிறார்கள். நாம் பறவைக் கணக்கெடுப்புக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி, அடிபட்டுப் பறந்துபோன கோழி... மறுநாள் போய்த் தேடினீங்களா?"

இவன் தலையாட்டினான். "இல்லைங்க. ஆபீஸ் இருந்தது."

"எங்கப்பா தேடுவாரு. அது கிடைக்காம அடுத்ததுக்குப் போக மாட்டாரு" என்றார். திட்டவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

லஸ் கார்னர் வரைக்கும் என் அத்தை பையன் வாயே திறக்கவில்லை. அப்புறம், "அடுத்த சீஸன்ல போகணுமான்னு யோசிக்கறேன் மச்சான்" என்றான்.

வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டோம். சமையலறையிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி பறந்து வந்தது.

விர்ஜீனியா வேட்டைக்காரன் கட்டில் மேல் நின்றுகொண்டிருந்தான்.